பாருக்கு எல்லை போடுவதற்கு முன்

வணக்கம். கீழக்கரைப் பக்கம் உங்கள் ஊருக்கு எதிரே கடலுக்கடியில் உள்ள பாரில், அதாவது பவளப்பாறைத் திட்டில், மீன்பிடிக்காத இடம் ஒதுக்கத் திட்டம் எழுதினீர்கள், கூட்டத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் கோபம் நியாயமானது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வந்தபோது, அவர்களுடைய அம்மாவும் பாட்டியும் பாசி எடுத்த இடங்கள் தடைக்குள் போய்விட்டன. இன்னொரு கோடு என்றால் பயப்படத்தான் செய்வார்கள்.

வரைபடத்தைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். அவர்கள் கடலுக்குப் போகும் நாளில் கூடவே போங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியோடு மேலே வருவார்கள். எந்தப் பார் உயிரோடு இருக்கிறது, குஞ்சு மீன் எங்கே நிற்கிறது என்று அப்போது கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவ் தீவுநாட்டில் 'புல்' என்றொரு பழக்கம் உண்டு. ஊர்த் தலைவர்கள் ஒரு பாரைச் சில காலம் மூடுவார்கள், மீன் தேறியதும் திறப்பார்கள். 2020-ல் அந்த நாடு தனக்கு மீன்பிடி உரிமையுள்ள பொருளாதாரக் கடல் மண்டலத்தில் 80 சதவீதத்தை மீன்பிடிப்புக்கு மூடியபோது, இந்த மரபைச் சொல்லித்தான் மக்களிடம் பேசியது. நீங்களும் சின்ன இடமாக, தவணை வைத்துத் தொடங்குங்கள்.

அப்புறம், எல்லைக்கு ஜிபிஎஸ் எண் மட்டும் போதாது. கடலில் வல்லத்திலிருந்து (படகிலிருந்து) பார்த்தால் தெரியும் மினாரா, பனை என்று கரைக்குறியும் சொல்லுங்கள். பூங்கா எல்லைக்குள் வருகிறதென்றால் வனத்துறையை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள்.