திருப்பதிக்கு ஆயிரமா, மூவாயிரமா? வழிச்செலவு பற்றி வாசகர் கேள்வி பதில்

பக்கத்து ஊருக்குக் காரில் போய்வர என்ன செலவாகும் என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கத்திலிருந்துதான். வட ஆற்காடு என்று முகவரி எழுதும் பெரியவர்கள் கூட இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கணக்குக்கும் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 2017 ஜூனிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறலாம் என்று ஆகிவிட்டதால், நீங்கள் கிளம்பும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் சின்ன காரில் திருமலைக்குப் போக ஆசை. என் கணவர் ஆயிரம் ரூபாய் பெட்ரோல் போதும் என்கிறார். எதிர்வீட்டுக்காரர் மூவாயிரம் ஆகும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, சத்துவாச்சாரி

இருவர் சொல்வதும் சரியில்லை அம்மா. உங்கள் கணவர் எப்படி ஆயிரத்துக்கு வந்தார் என்பது எனக்குப் புரிகிறது. போனில் மேப்பைப் பார்த்திருப்பார், திருப்பதி 108 கிலோமீட்டர் என்று காட்டியிருக்கும், போக வர 216, கார் வாங்கும்போது ஷோரூமில் 22 மைலேஜ் என்றார்கள், வகுத்தால் பத்து லிட்டர், ஆக ஆயிரம். கணக்கில் தப்பில்லை, கணக்குக்குள் போட்ட எண்கள்தான் தப்பு. ஷோரூம் மைலேஜ் என்பது சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைமேல் ஓட்டிப் பார்த்து எடுப்பது. அங்கே காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசல் கிடையாது, ஐந்து பேர் பாரமும் கிடையாது. சின்ன பெட்ரோல் கார் ஆள் நிறைய உட்கார்ந்து ஏசி போட்டு ஓடினால் 17 என்று வைப்பதுதான் நியாயம்.

அடுத்து தூரம். 108 என்பது திருப்பதி ஊர்வரைக்கும்தான், நீங்கள் போகவேண்டியது மலைமேல். உங்கள் வீட்டு வாசலிலிருந்து திருப்பதிக்கு 110 என்று வைத்தால், ஊருக்குள்ளிருந்து அலிபிரி வழியாக மேலே போக இன்னும் 22 ஆகும். சாப்பிட, ரூம் தேட, வழியில் காணிப்பாக்கம் பிள்ளையாரையும் பார்த்துவிடலாம் என்று மாமியார் சொன்னால் அதற்கு என்று ஒரு 20 சேருங்கள். சமதரையில் 240 கிலோமீட்டர், 17க்கு வகுத்தால் 14 லிட்டர் சொச்சம். மலை ஏறும் 22 கிலோமீட்டரில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே போகவேண்டியிருக்கும், மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கிவிடும், அது இரண்டரை லிட்டர். இறங்குவதற்கு ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். எல்லாம் சேர்த்து 18 லிட்டர், ஏறத்தாழ 1,850 ரூபாய். டோல் தனி. சித்தூர் - திருப்பதி ஆறுவழிச் சாலையில் டோல் கேட் இருக்கிறது, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள்.

இதில் கட்டாயம் கவனிக்கவேண்டியது, பெட்ரோலைக் காட்பாடியிலேயே போட்டுவிடுவது. பெட்ரோல், டீசலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரி போடுகிறது, ஆந்திராவில் அந்த வரி நம்மைவிட அதிகம். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதே பெட்ரோலுக்கு லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்கவேண்டிவரும். உங்கள் வண்டிக்கு டேங்க் 35 லிட்டர் பிடிக்குமென்றால், இங்கே நிரப்பினால் போய்த் திரும்பி வீடு வந்து சேர்ந்த பிறகும் பாதி டேங்க் மிச்சமிருக்கும். பார்டரில் பர்மிட் எதுவும் வேண்டாம், அது மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு.

அப்புறம் மலை இறங்கும்போது செய்யக்கூடாத ஒன்று. திருமலையில் ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு ஒரு சாலை. இறங்குவது 1944இல் போட்ட பழைய பாதை, வளைவுக்கு வளைவு. பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், மனம் பதறும். இன்றைய இஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் போவது நின்றுவிடுகிறது, சக்கரமே இஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் இஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும். முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். இரண்டாவது கியரில் பொறுமையாக இறங்குங்கள் அம்மா, பிள்ளைகள் வண்டியில் இருக்கிறார்கள்.

கேள்வி: என் வண்டி 2014 மாடல். முன்பு 18 கொடுத்தது, இப்போது பதினாறரைதான் வருகிறது. எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், ஆம்பூர்

பாதி உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால், கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது ஆற்றல் ஆறேழு சதவீதம் குறையும். முன்பே பத்து சதவீதம் கலந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதால், அதிலிருந்து இதற்கு மாறியதால் வந்த குறைவு மூன்றரை சதவீதம் அளவுதான். உங்களுக்குக் குறைந்திருப்பதோ எட்டு சதவீதம். மீதியை வண்டியில்தான் தேடவேண்டும். டயரில் காற்று, அழுக்கான ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட், சக்கரத்தை லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், இந்த வரிசையில் பாருங்கள். காற்று ஒன்றுக்குத்தான் செலவே கிடையாது. பத்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள் உப்பியோ வெடித்தோ இருக்கின்றனவா என்றும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், அந்தப் பதினாறரையை எப்படி அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். எங்கள் அப்பா தன் அம்பாசடரின் டேஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று மூன்றே எண்கள். வழி அதுதான், இன்றைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. பெட்ரோல் பங்கில் ஜீரோ பார்த்துவிட்டு, குழாய் தானாக நிற்கும்வரை, அதாவது ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள், டிரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி முதல் கட் வரை நிரப்புங்கள், அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் அதுதான் உங்கள் வண்டியின் மைலேஜ். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் வண்டி நிறைய பேசும்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர். எண்பதில் வந்தால் முப்பத்தேழரை நிமிஷம், நூறில் வந்தால் முப்பது. மிச்சமாவது ஏழரை நிமிஷம். ஆனால் வேகம் எண்பதிலிருந்து நூறு ஆகும்போது வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. அந்த ஏழரை நிமிஷமும் பள்ளிகொண்டா டோலில் முன்னால் ஒரு லாரியின் டேக் வேலை செய்யாவிட்டால் அங்கேயே போய்விடும்.

கேள்வி: ஏசி போடுவதா, கண்ணாடியை இறக்குவதா?
- வாசகி, குடியாத்தம்

ஊருக்குள் மெதுவாகப் போகையில் கண்ணாடியை இறக்குங்கள். நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள், வேகமாகப் போகும்போது திறந்த ஜன்னல் காற்றைப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அக்னி நட்சத்திர வேலூர் வெயிலில் இந்தக் கேள்வியே வேண்டாம், ஏசிதான். அந்தச் சூட்டில் ஓட்டுபவர் சோர்ந்துபோவது பெட்ரோலைவிடப் பெரிய நஷ்டம்.

கேள்வி: வாரம் ஒரு முறை சென்னை போய்வருகிறேன். டோலே பெட்ரோலுக்குப் போட்டியாக வந்துவிடும் போலிருக்கிறது. மூவாயிரம் ரூபாய் பாஸ் எடுக்கலாமா?
- வாசகர், சேண்பாக்கம்

உங்களுக்குக் கட்டாயம் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 15இல் மூவாயிரம் ரூபாய்க்கு வந்த அந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். நம் வழியில் வாலாஜா தாண்டி சென்னசமுத்திரத்தில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒன்று என இரண்டு டோல். போக வர நான்கு தடவை. 200ஐ நான்கால் வகுத்தால் 50 வாரம், கிட்டத்தட்ட உங்களுக்காகவே கணக்குப் போட்டது போல இருக்கிறது. அந்த விலைக்கு ஒரு டோலுக்கு 15 ரூபாய்தான் விழும். சொந்த உபயோக வண்டிக்கு மட்டும்தான் தருவார்கள், தேசிய நெடுஞ்சாலை டோல்களில்தான் செல்லும், மாநில நெடுஞ்சாலை டோலில் வழக்கம்போலப் பணம் பிடித்துக்கொள்ளும்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறை போகிறவருக்கு வருஷத்துக்கு 48 தடவைதான் ஆகும், ஒரு தடவைக்கு அறுபது ரூபாய்க்கு மேல் வந்துவிடும், அதிலும் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் சாதாரணமாகவே ரிட்டர்ன் சலுகை உண்டு. போனில் வந்திருக்கும் டோல் மெசேஜ்களை எடுத்து ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். பாஸின் விலையைத் தாண்டினால் எடுங்கள்.

பெட்ரோலுக்கு, அதே 17 மைலேஜ் கணக்கில், ஒரு பக்கம் 140 கிலோமீட்டர், எட்டே கால் லிட்டர், 840 ரூபாய். பூந்தமல்லிக்கு அப்புறம் சிக்னல் சிக்னலாக நிற்பதற்கு இன்னும் ஒரு லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பௌர்ணமிக்குக் கிரிவலம் போக நானும் மனைவியும் காரில் கிளம்பலாமா?
- வாசகர், பாகாயம்

வேண்டாம் ஐயா. கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை 85 கிலோமீட்டர்தான், போக வர பத்து லிட்டர், ஆயிரத்து இருபது ரூபாய். அதில் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் பௌர்ணமியன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து நடக்கவேண்டும், பிறகு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம், அதன்பின் விடியற்காலையில் தூங்காத கண்ணோடு ஸ்டியரிங் பிடித்து எண்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பேருக்குப் பேருந்துதான் நல்லது, வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ரயிலும் இருக்கிறது. மற்ற நாளில் காரில் போங்கள், பௌர்ணமி இல்லாவிட்டாலும் மலை அங்கேயேதான் இருக்கிறது.

கேள்வி: ராணிப்பேட்டையில் வேலை. என் காரில் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். பெட்ரோலை எப்படிப் பங்கு போடுவது? கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
- வாசகி, காட்பாடி

கூச்சப்படவேண்டாம் சகோதரி. ஓடும் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஆறு ரூபாய். நான்கு டயரும் சேர்த்து இருபதாயிரம் ரூபாய், அவை நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்தால் டயருக்கு ஐம்பது பைசா, சர்வீஸுக்கு இன்னொரு ஐம்பது பைசா, ஆக ஏழு ரூபாய். அதை உங்களையும் சேர்த்து நான்காக வகுங்கள், மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கை எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. அதற்குமேல் லாபம் வைக்கவேண்டாம். வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, ஏதாவது விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடலாம். நான்கு பேரும் சீட் பெல்ட் போடவேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பின் சீட்டில் இருப்பவர்களையும் சேர்த்து.