1798ஆம் ஆண்டுப் புத்தகத்தில் 1810ஆம் ஆண்டுத் தாள்: போலியா?

கேள்வி: பூச்சிகளைப் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று விலைக்கு வருகிறது. தலைப்புப் பக்கத்தில் 1798 என்று இருக்கிறது. படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். படத்தாள்களை வெளிச்சத்தில் பிடித்தால் 1810 என்று வாட்டர்மார்க் தெரிகிறது. ஏமாற்றுகிறார்களா? வண்ணம் அந்தக் காலத்ததுதானா?

பதில்: 1810 என்று இருப்பதாலேயே அது போலியாகிவிடாது. படம் செதுக்கிய செப்புத் தகடுகளைப் பதிப்பாளர் பத்திரமாக வைத்திருப்பார். வாங்க ஆள் வரவர, கையில் இருக்கும் தாளில் அச்சடித்து வண்ணம் தீட்டக் கொடுப்பார். தலைப்புப் பக்கத்தை மட்டும் மாற்றமாட்டார். அதனால் பழைய ஆண்டும் புதிய தாளும் ஒரே அட்டைக்குள் இருப்பது சகஜம். வாட்டர்மார்க் என்பது தாள் செய்யும்போதே அதில் பதியும் குறி. அது சொல்வது ஒன்றுதான்: இந்தத் தாள் 1810க்கு முந்தையது அல்ல, வண்ணமும் அப்படியே. முதல் அச்சுக்கான விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். எழுத்துப் பக்கங்களின் தாளையும் பாருங்கள். அது பழையதாகவும் படத்தாள் மட்டும் புதிதாகவும் இருந்தால், இரண்டு குறைப்பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கவும் கூடும். ஈரக்கறையோ புழுத்துளையோ அடுத்தடுத்த தாள்களில் ஒரே இடத்தில் தொடர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மறுபதிப்பு என்பது வேறு விஷயம். இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் டோனோவனின் சீனப் பூச்சிகள் நூல் 1798லும் இந்தியப் பூச்சிகள் நூல் 1800லும் வந்தவை. இரண்டையும் வெஸ்ட்வுட் என்ற பூச்சியியலாளர் 1842ல் திருத்தி வெளியிட்டார். தலைப்புப் பக்கம் கிழிந்த பிரதி கைக்கு வந்தால் அது இந்த மறுபதிப்பாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வண்ணத்தைப் பற்றி. வண்ணம் தீட்டாத பிரதியை மலிவாக வாங்கி, தீட்டி விற்பது பழைய தொழில். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். வண்ணம் வரிசையான புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு, அத்தோடு விட்டுவிடுங்கள். புள்ளி இல்லையென்றால் தாளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அந்தக் காலத் தாளுக்கு ஜெலட்டின் பூச்சு உண்டு, வண்ணம் மேலாகவே நிற்கும். காலப்போக்கில் அந்தப் பூச்சு செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினால் மை ஒற்றும் தாளில் விட்டதுபோல ஓரம் கசிந்து உள்ளே இறங்கும். பழுப்புப் புள்ளி விழுந்த இடத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

பச்சையைத் தனியாகப் பாருங்கள். செம்பு கலந்த பழைய பச்சை தாளை மெல்ல அரிக்கும். இலை இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் அதே இலையின் உருவம் பழுப்பாகத் தெரியும், எதிர்ப்பக்கத்திலும் நிழல் விழுந்திருக்கும். வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் சிறகு சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் மகிழுங்கள். அது ஈயம் கலந்த வெள்ளை, காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்திருக்கிறது. "சுத்தம் பண்ணித் தருகிறேன்" என்று தரகர் சொல்வது இந்த இரண்டு அடையாளங்களையும்தான். தாளைக் கழுவி வெளுத்து, சிறகில் புது வெள்ளை அடித்துவிடுவார். பிறகு நிபுணர்களுக்கும் உறுதி சொல்வது கடினம். கழுவ விடாதீர்கள்.

ஏலப் பட்டியலில் "கையால் வண்ணம் தீட்டியது" என்று மட்டும் இருந்தால், எப்போது தீட்டியது என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் "படத்தொகுப்பாக விற்கப்படுகிறது, திருப்பித் தர இயலாது" என்றும் இருக்கும். ஒரு படம் குறைந்தாலும் கேட்க முடியாது என்பதே அதன் பொருள். இத்தனை விலை வாங்குபவர்களுக்கு உட்கார்ந்து படங்களை எண்ண நேரமில்லையாம்! நீங்களே எண்ணுங்கள். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் இத்தகைய நூல்கள் பல முழுமையாக, இலவசமாக இருக்கின்றன. படம் படமாக ஒப்பிடுங்கள். நிறம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை, ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாகத்தான் தீட்டினார்கள். படத்தைப் பிய்த்துத் தனித்தனியாக விற்றால் லாபம் என்று யாராவது சொன்னால் அவர் புத்தகத்தைத் துண்டு போடுகிறவர், ஒதுங்குங்கள்.

எண்ணும்போது விரலை நாக்கில் நனைத்துப் புரட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பச்சை சிலவற்றில் ஆர்சனிக் உண்டு.