உரிமைக்கோரலை விவரணம் தாங்குகிறதா? கேள்வி பதில்

கேள்வி: காப்புரிமை விண்ணப்பத்தில் உரிமைக்கோரலின் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியின்) வாசகத்தை அப்படியே விவரணத்திலும் (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியிலும்) ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். அது ஆதாரமாகுமா?

பதில்: சொல்லளவில் ஆகும், பொருளளவில் ஆகாது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 84ஆம் பிரிவு, உரிமைக்கோரல்கள் விவரணத்தின் ஆதாரத்தைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(5) பிரிவு, வெளிப்படுத்திய செய்தியின் மீது அவை நியாயமாக அமைந்திருக்க வேண்டும் என்கிறது. செம்புத் தகடு ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு 'உலோகத் தகடு' என்று கோருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தைக் கடத்துவதே அதன் வேலை என்றால், அந்தக் குணம் உலோகங்களுக்குப் பொதுவானது என்பதால், காரணத்தை விளக்கிய விவரணம் அந்த விரிவைத் தாங்கும். நுண்ணுயிரிகளைக் கொல்வது அதன் வேலை என்றால், செம்பின் தனிக்குணத்தை எல்லா உலோகத்துக்கும் நீட்ட முடியாது.

கேள்வி: காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் ஆட்சேபணைக்குப் பிறகு புதிய சோதனை முடிவுகளை விவரணத்தில் சேர்க்கலாமா?

பதில்: முடிவுகளைச் சான்றாக அனுப்பலாம், விவரணத்தில் சேர்க்க முடியாது. ஐரோப்பாவில் 123(2) பிரிவும் இந்தியாவில் 59ஆம் பிரிவும் அதைத் தடுக்கின்றன. தாக்கல் செய்த நாளில் எழுதப்படாதது பிறகு எழுத முடியாது என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

கேள்வி: தற்காலிக விவரக்குறிப்பில் (முதல் தேதியைப் பெற முன்கூட்டித் தாக்கல் செய்யும் ஆவணத்தில்) விட்டதை முழுமை விவரக்குறிப்பில் சேர்க்கலாம் அல்லவா?

பதில்: இந்தியாவில் 12 மாதத்துக்குள் சேர்க்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த செய்தியை நம்பி நிற்கும் கோரலுக்கு முதல் தேதி கிடைக்காது. இடைப்பட்ட காலத்தில் நீங்களே அதை வெளியிட்டிருந்தால் இழப்பு உங்களுக்கே.

கேள்வி: வெப்பநிலை வரம்பு விட்டுப்போய்விட்டது. திருத்தத்தின் வழியாகச் சேர்க்கலாமா?

பதில்: மேலே சொன்ன பதில்தான். முடியாது.

கேள்வி: படத்தில் மட்டும் காட்டிய பாகத்தைக் கோரலாமா?

பதில்: துறை அறிந்தவருக்கு ஐயமின்றிப் புலப்பட்டால் கோரலாம்.

கேள்வி: முன்னோடிக்குப் பரந்த உரிமை தராவிட்டால், பின்னால் வருபவர் பொருளை மட்டும் மாற்றித் தப்பிவிடுவார். ஆதார விதி முன்னோடிக்கு அநீதி இழைக்கவில்லையா?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சாயர், மேன் என்ற இரு கண்டுபிடிப்பாளர்கள் கரியாக்கிய தாளை மின்விளக்கின் இழையாக்கிவிட்டு, நார்ப்பொருள், நெசவுப்பொருள் அனைத்தையும் கோரினார்கள். எடிசன் தரப்போ 6,000க்கும் மேற்பட்ட தாவரப் பொருள்களைச் சோதித்து, மூங்கிலில் சில வகைகளே ஏற்றவை என்று கண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895இல் அந்தப் பரந்த கோரலை ஏற்கவில்லை. நார்ப்பொருள்களில் ஊடாடும் பொதுக்குணம் ஒன்றை அவர்கள் கண்டு சொல்லியிருந்தால் கோரல் அளவு மீறாததாக இருந்திருக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. முன்னோடிக்கு வழி அடைக்கப்படவில்லை. அவர் கண்டறியாததற்கு உரிமை தரப்படவில்லை, அவ்வளவுதான்.

அதே கேள்வியாளர்: அது பழைய காலம். இன்று ஒருவர் 26 எடுத்துக்காட்டு தந்தாலும் போதாது என்கிறார்களே?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2023இல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பு. அங்கே 26 எதிர்ப்பான்களின் (குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் புரதங்களின்) அமினோ அமில வரிசை தரப்பட்டிருந்தது. கோரலோ, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் ஒட்டி அதன் செயலைத் தடுக்கும் எதிர்ப்பான்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டது. மீதியைக் கண்டுபிடிக்கப் படிப்பவரே சோதித்துத் தேட வேண்டும் என்றால், கொடுத்தது வழிமுறை அல்ல, ஆராய்ச்சிப் பணி. 1895இன் வாதமே இங்கும் நிற்கிறது. ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஏன் வேலை செய்கிறது என்ற பொதுக்காரணத்தையும், இடைநிலைக் குழுக்களையும், குறிப்பான வடிவங்களையும் அடுக்கடுக்காக எழுதுங்கள். மேல்படி இடிந்தாலும் கீழ்ப்படியில் நிற்கலாம். அந்தக் கீழ்ப்படியும் தாக்கல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: போட்டியாளரிடம் இழப்பீடு எவ்வளவு கேட்கலாம்?

பதில்: அது என் துறை அல்ல. வழக்குரைஞரை அணுகுங்கள்.

கேள்வி: காப்புரிமை வழங்கிய பிறகு, விவரணம் கோரலைத் தாங்கவில்லை என்ற குறையை யாராலும் எழுப்ப முடியாது என்பது உண்மையா?

பதில்: ஐரோப்பாவில் 84ஆம் பிரிவு, வழங்கிய பிறகு பிறர் தாக்கல் செய்யும் எதிர்ப்பு மனுவுக்கான காரணம் அல்ல என்பதால் எழுந்த எண்ணம் அது. பெரும்பாலும் அதே குறை, செய்து காட்டும் அளவுக்கு வெளிப்படுத்தவில்லை என்ற 83ஆம் பிரிவின் வழியே திரும்பி வரும். இந்தியாவில் 64(1)(i) நேரடியாகவே ரத்து செய்ய இடம் தருகிறது.

கேள்வி: விவரணம் விரிவாக இருக்கிறது, கோரல் குறுகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: விவரித்தும் கோராமல் விட்டதைப் பொதுமக்களுக்கு அளித்துவிட்டதாக அமெரிக்க நீதிமன்றங்கள் கருதுகின்றன. அங்கே உங்கள் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தால், அது முடிவதற்குள் தொடர் விண்ணப்பம் (அதே விவரணத்தை வைத்துப் புதிய கோரல்களைக் கேட்கும் விண்ணப்பம்) தாக்கல் செய்து, விட்டதைக் கோருங்கள்.