பழைய லாண்ட்ரோவர் வன்னிக்குச் சரிவருமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்குப் போய்வர சீரிஸ் 3 லாண்ட்ரோவர் வாங்கலாமா? அலுமினியப் பொடி (வண்டியின் வெளியுடல்) துருப்பிடிக்காதுதானே?

பொடி துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் கீழே வண்டியைத் தாங்குற அடிச்சட்டம், அதாவது செசி, இரும்பு. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லாண்ட்ரோவர் அறிமுகமான காலம், போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆகவே மினுக்கத்தைப் பார்த்து விலை பேசாதேங்கோ. குனிஞ்சு, செசியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கோ. பின்பக்கக் குறுக்குச் சட்டம் உக்கியிருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஓடின வண்டியெண்டால் இன்னும் கவனம்.

மாரியில் களிமண் ஒழுங்கைக்குள் நாலு சில்லும் இழுக்கேக்க ஆள் ராசாதான். ஏ9 வீதியில் ஏறினதும் இரண்டு சில்லுக்கு மாத்திப்போடுங்கோ. முன் அச்சும் பின் அச்சும் வேறுவேறு வேகத்தில் சுத்த விடுற நடு டிஃபரன்ஷியல் இதில் இல்லை. காய்ஞ்ச தாரில் திரும்பினால் முன் சில்லும் பின் சில்லும் ஒன்றையொன்று முறுக்கும், கியர் பாகங்கள் தேயும்.

எண்ணெய் நல்லாக் குடிக்கும். ஸ்டியரிங் பாரம், மாங்குளத்திலிருந்து வவுனியா போய்வந்தால் தோள்மூட்டு சொல்லும். 1985இல் உற்பத்தி நின்ற வண்டி, ஆனாலும் பெரும்பாலும் நட்டும் போல்ட்டும்தான், கழட்டிப் பூட்டலாம். நெல்மூட்டை ஏத்த மட்டுமெண்டால் லாண்ட்மாஸ்டரே (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போதும்.