இட்லி அரிசியை 'ரெட்' பண்ணலாமா?

பேராவூரணி வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஆங்கிலக் குறுக்கெழுத்தில் மூன்று எழுத்துக் கட்டம். குறிப்பு 'சோக்', அதாவது ஊறவை. நடு எழுத்து 'இ' என்பது குறுக்கே வந்த சொல்லிலிருந்து கிடைத்துவிட்டது. 'வெட்' என்று எழுதியிருக்கிறார். மறுநாள் விடையைப் பார்த்தால் முதல் எழுத்து டபிள்யூ இல்லை, ஆர். "ரெட் என்று ஒரு வினைச்சொல் நிஜமாகவே இருக்கிறதா? சிவப்பு நிறம் தெரியும், அதற்குக் கடைசியில் 'டி' வேறு. இருந்தால், இட்லிக்கு அரிசி ஊறப்போடுவதற்கும் அதைச் சொல்லலாமா?" என்கிறார்.

இருக்கிறது ஐயா. ஆர், இ, டி (டீ கடை 'டீ'). ஆனால் அரிசிக்குச் சொல்லக் கூடாது. புளிக்கும் கூடாது, விதைநெல்லுக்கும் கூடாது. நார் எடுக்கிற செடிகளுக்கு மட்டுமே சொந்தமான வினை அது. லினன் துணி நெய்ய நார் தரும் ஆளிச்செடி (இப்போது உடம்புக்கு நல்லது என்று விதையை வாங்கித் தின்கிறோமே, அதே ஆளிதான்), சணல், கஞ்சாச் செடியின் நார்வகை, தேங்காய் மட்டை, இவற்றை நீரில் போட்டுவைத்து நாரைத் தளரச் செய்வதுதான் 'ரெட்'.

நம் மொழியில் 'ஊறு' என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்த்துவிடும். அரிசி ஊறும், அழுக்குத்துணி ஊறும், மசாலா தடவிய மீன் ஊறும், மாங்காய் உப்பில் ஊறும். ஆங்கிலத்தில் பங்கு பிரித்திருக்கிறார்கள். அரிசிக்கும் துணிக்கும் 'சோக்', தேயிலைக்கு 'ஸ்டீப்', மசாலா தடவிய மீனுக்கு 'மாரினேட்', நார்ச்செடிக்கு 'ரெட்'. நமக்குக் குழப்பம் வருவதில் வியப்பில்லை.

வெறுமனே நனைவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கும்பகோணத்தில் பூக்கட்டுகிற அம்மாவைப் பாருங்கள். காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, கிழித்து, மல்லிகையைத் தொடுப்பார். அது 'ரெட்' இல்லை. அந்த நார் ஏற்கெனவே உரித்து எடுத்தது. இளகட்டும் என்று நனைக்கிறார், அவ்வளவுதான். 'ரெட்' ஆக வேண்டுமென்றால் ஏதாவது அழுக வேண்டும். தண்டில் நாரையும் கட்டையையும் பிடித்துவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. தண்ணீரில் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் அந்தப் பசையைத் தின்றுவிடுகின்றன. பசை போனதும் நார் கையோடு வந்துவிடும். சீக்கிரம் எடுத்தால் நார் கட்டையை விடாது. நாள் கடந்தால் நாரே நைந்துபோகும். தண்டை ஒடித்து, நார் உரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அழுகலுக்கு ஆங்கிலத்தில் 'ராட்' என்கிறோமே, 'ரெட்' அதற்கு உறவுக்காரச் சொல். உயிரெழுத்து ஒன்றுதான் வேறு. டெல்டாக்காரருக்கு இதை விளக்கச் சணப்பு ஒன்று போதும். நாம் சணப்பை நெல்லுக்கு முன்னால் விதைத்து, பூவெடுக்கிற சமயத்தில் வயலிலேயே மடக்கி உழுகிறோம். தண்டு, இலை, நார் எல்லாம் சேற்றோடு அழுகி உரமாகிவிடும். அது 'ராட்'. வடக்கே அதே சணப்பை நாருக்கென்று வளர்த்து, அறுத்துக் கட்டுக்கட்டாகக் குளத்தில் அமுக்கி, சில நாள் கழித்து எடுத்து அலசுகிறார்கள். அது 'ரெட்'. பாதியில் நிறுத்திய அழுகல் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

உங்கள் பக்கம் தென்னந்தோப்பு அதிகம் என்பதால் மட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்துக் காயலோரங்களில் பச்சை மட்டையை மாதக்கணக்கில், ஆறு முதல் பத்து மாதம் வரைகூட, உப்புத்தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, அப்புறம் அடித்து வெள்ளை நார் எடுப்பார்கள். அதற்கு இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். நம் பக்கத்து நார் மில்களில் முற்றிய மட்டையை ஈரப்படுத்தி இயந்திரத்தில் கொடுத்துக் கிழிக்கிறார்கள். அங்கே போய் 'ரெட்' என்று சொன்னால் கொஞ்சம் இடறும்.

இந்த வேலைக்கு ஒரு நாற்றம் உண்டு, தண்ணீரும் கெடும். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்திலேயே, மாடுகள் தண்ணீர் குடிக்கும் ஆற்றிலும் ஓடையிலும் ஆளியையும் கஞ்சாநாரையும் ஊறப்போடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். குளத்துத் தண்ணீருக்கான சண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, பேச்சில் யாரும் சொல்லாத இந்தச் சொல் கட்டங்களில் மட்டும் ஏன் இத்தனை தடவை வருகிறது? ஆர், இ, டி மூன்றும் ஆங்கிலத்தில் மிகச் சாதாரண எழுத்துகள். மூலையில் ஒரு சின்ன இடம் அடைபடாமல் நின்றால் புதிர் போடுபவர் கை தானாக இங்கே போகும். நேர்மையானவர் குறிப்பில் 'ஃப்ளாக்ஸ்' என்று ஆளியையும் சேர்த்துக் கொடுப்பார். வெறும் 'சோக்' என்று விட்டது, என்னைக் கேட்டால், கொஞ்சம் கஞ்சத்தனம். நடுவில் 'இ' மட்டும் கையில் இருக்கும்போது 'வெட்' எழுதியதில் உங்கள் தவறு எதுவுமில்லை. முதல் எழுத்துக்கு உதவ ஒரு சொல்லும் குறுக்கே வராதபோது வேறு என்ன செய்ய முடியும்?

குறிப்பின் காலத்தையும் கவனியுங்கள். 'சோக்ட்' என்று இறந்தகாலத்தில் இருந்தால் விடை 'ரெட்டட்', ஆறு எழுத்து. 'ஓய்வுபெற்றவர், சுருக்கமாக' என்று வந்தாலும் இதே மூன்று எழுத்துதான் விடையாக இருக்கலாம். அப்போது அது 'ரிடையர்ட்' என்பதன் சுருக்கம், நாருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொல்விளையாட்டுப் புதிர்களில் இது பெரிய சொல்லின் வாலாகவும் வரும். 'எடுத்துக்காட்டாக' என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம் 'இ, ஜி'. அதன் பின்னே 'ரெட்'டை ஒட்டினால் 'ஈக்ரெட்'. உழவு மாட்டின் பின்னாலேயே நடக்கும் நம் வெள்ளைக் கொக்கு. இதைத் தமிழில் குறிப்பாக எழுதிப் பார்த்தேன்: 'எடுத்துக்காட்டாக, நாரை ஊறப்போட்டால் கொக்கு!' நாரை என்பது நாரையா, நார்+ஐயா என்று படிப்பவர் திணறட்டும். ஆங்கிலக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இதே மூலையில் இன்னொரு மூன்றெழுத்துக்காரரும் ஒளிந்திருப்பார்: 'டெட்', டி, இ, டி. முதலில் டீ கடை 'டீ', கடைசியில் சிவப்பு நிறத்தின் 'டி'. அறுத்த புல்லை உதறிப் பரப்பிக் காயவைப்பதுதான் பொருள். அறுவடை முடிந்து தார்ச்சாலையில் வைக்கோலைப் பரப்பிப் புரட்டிப் போடுகிறார்களே, பைக்கில் போகிறவர்கள் திட்டிக்கொண்டே ஓரமாகப் போவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை.