லேக்ஸ்டன்: வேலி போடாத வயல்களின் ஊர் (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷர் பகுதியில் உள்ள லேக்ஸ்டன் கிராமத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, அப்படி என்ன விசேஷம் இந்த ஊரில்?

இடைக்காலத்தில் மத்திய இங்கிலாந்தில் வயல்கள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. ஒரே பெரிய வயலுக்குள் ஒவ்வொரு குடியானவருக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளத் துண்டுகள் இருக்கும். நடுவே வேலி கிடையாது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,000-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, இந்த நிலங்களையும் மேய்ச்சல் வெளிகளையும் வளைத்துத் தனி உடைமையாக்கியது. பொதுநிலத்தில் மாடு மேய்த்துப் பிழைத்த ஏழைகளுக்கு அது பெரிய அடி. லேக்ஸ்டனில் மட்டும் மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று திறந்த வயல்களில் இன்றும் உழவு நடக்கிறது. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு அல்லது தீவனப் புல். அடுத்த வருடம் முறை மாறும்.

இது மட்டும் எப்படித் தப்பியது?

ஊரின் நிலம் இரண்டு பிரபு குடும்பங்களிடம் பிரிந்து கிடந்தது. அவர்களுக்குள் ஒத்துப்போகாததால் வளைப்பு முழுமையாக நடக்கவில்லை என்பார்கள். ஆனால் அதன் பிறகும் நிலைத்ததற்கு ஊர் நீதிமன்றம்தான் காரணம் என்பது என் கருத்து.

சார், ஊர் நீதிமன்றமா? இந்தக் காலத்திலா?

ஆமாம், அதன் பெயர் கோர்ட் லீட். நவம்பர் கடைசி வாக்கில் ஊர் விவசாயிகளே அடங்கிய ஜூரி, டிராக்டர் வண்டியில் ஏறிக் கோதுமை வயலுக்குப் போகும். துண்டின் எல்லையைப் பார்த்து முளைக்குச்சி அடிப்பார்கள். பொதுப் பாதைக்குள்ளோ புல்வரப்புக்குள்ளோ யாராவது ஏர் ஓட்டியிருந்தால் குறித்துக்கொள்வார்கள். சில நாள் கழித்து நீதிமன்றம் கூடி அபராதம் போடும். கூடும் இடம் டவ்கோட் என்ற ஊர் மதுக்கடை! 1977-இல் வந்த சட்டம் இங்கிலாந்தின் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோதும், லேக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. பக்கத்துத் துண்டுக்காரரே எல்லையைக் காக்கும் ஏற்பாடு இது. அதனால்தான் எனக்கு இந்த ஊர் மேல் இவ்வளவு மரியாதை.

பழைய ஆவணம் ஏதும் இருக்கிறதா அண்ணா?

1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை அதில் தனித்தனியாகப் பார்க்கலாம். ஓரங்களில் உழுபவர்கள், மேயும் கால்நடைகள், மான் வேட்டை என்று குட்டிக் குட்டிச் சித்திரங்கள் வேறு. பிறகு துண்டுகளை ஒன்றுசேர்த்ததில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

கோட்டையும் உண்டாமே?

உண்டு. நார்மன் காலத்து மண்மேடும் அகழியும் ஊருக்கு வடக்கே இருக்கின்றன. கல் கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இப்போது நிலம் யாருடையது? போய்ப் பார்க்கலாமா?

1952-இல் அரசு வாங்கியது. 1981-இல் அரச உடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போய், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் நில நிறுவனத்திடம் வந்தது. தாராளமாகப் போகலாம், மதுக்கடைக்குப் பக்கத்திலேயே தகவல் மையம் இருக்கிறது. தெருவில் நடக்கும்போது வீடுகளைக் கவனியுங்கள்: பல பண்ணை வீடுகள் பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டியபடி பின்னால் நீண்டிருக்கும். நிலம் ஊருக்கு வெளியே சிதறிக் கிடப்பதால், எல்லாரும் வீட்டை ஒரே தெருவில் கட்டிக்கொண்டார்கள். அப்புறம், சைக்ஸ் எனும் புல்வரப்புகளில் கோடையில் காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும். பயிரை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள்.