டிஸ்க்கில் கோளாறா, படமே அப்படியா?

கே: 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெய்ல்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தின் சிறப்பு டிவிடி வாங்கினேன். போட்டதும் கறுப்பு வெள்ளையில் ஏதோ பல் டாக்டர் படம் ஓடுகிறது. டிஸ்க் மாறிவிட்டதா?

ப: மாறவில்லை, அணைக்காமல் பாருங்கள். 2001-இல் வந்த சிறப்புப் பதிப்பு அப்படித்தான் தொடங்கும். 'டென்டிஸ்ட் ஆன் தி ஜாப்' என்ற 1961 படத்தின் டைட்டில் ஓடும். ஆபரேட்டர் தப்பான ரீலை மாட்டிவிட்டதுபோல அதை நிறுத்தி, பிறகுதான் நம் படம் வரும். பெயர்களுக்கு அடியில் ஸ்வீடிஷ் மாதிரி ஏதோ ஓடுவது 1975-இல் தியேட்டரிலேயே இருந்த குறும்பு. கடைசியில் போலீஸ் வந்ததும் படம் பட்டென்று அறுந்து, இருட்டுத் திரையில் ஆர்கன் இசை மட்டும் கேட்கும், எழுத்துகள் வராது. அதுவும் கோளாறு அல்ல. வசனத்துக்கும் சப்டைட்டிலுக்கும் ஒட்டவே இல்லையென்றால், மெனுவில் 'படம் பிடிக்காதவர்களுக்கான' சப்டைட்டிலைத் தேர்ந்திருப்பீர்கள். அது ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்திலிருந்து எடுத்த வரிகள். சாதாரண ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

கே: படம் சுமார் 91 நிமிடம் என்கிறார்கள். என் பிரிட்டிஷ் டிவிடி 87 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா?

ப: இல்லை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை ஐரோப்பிய டிவி முறையான 'பால்' (PAL) டிவிடியில் 25 ஃபிரேமில் ஓட்டுகிறார்கள். 91 நிமிடம் 87 சொச்சமாகச் சுருங்கும். ஒலியின் சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரத்தில் முக்கால் பங்கு கூடும். பிளேயரில் இதைத் திருத்த வழியில்லை. 24 ஃபிரேமிலேயே ஓடும் ப்ளூ-ரேதான் தீர்வு. வாங்கும் முன் ரீஜன், அதாவது எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்ற குறியீடு, பாருங்கள்: இந்தியாவுக்கு 'சி', அமெரிக்காவுக்கு 'ஏ', பிரிட்டனுக்கு 'பி'.

கே: ப்ளூ-ரேயில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. டிவியில் எதை மாற்றுவது?

ப: அந்தப் புள்ளி பிலிமின் மணல், அதாவது படச்சுருளில் இயல்பாகவே இருக்கும் 'கிரெய்ன்' துகள். மூன்று லட்சம் பவுண்டைத் தொடாத செலவில், ஸ்காட்லாந்தின் மழையிலும் மங்கிய வெளிச்சத்திலும், புகை போட்டு எடுத்த படம் இது. மணல் தெரியத்தான் வேண்டும். டிவியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' முழுக்க ஆஃப். அது மணலோடு சேர்த்து நுட்பத்தையும் தின்றுவிடும். வீரர்கள் பலரின் சங்கிலிக் கவசம் இரும்பு அல்ல, கம்பளி நூலில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்தது. நல்ல ப்ளூ-ரேயில் தோள்பட்டை அருகே பின்னல் கண்ணிகளையே பார்க்கலாம். அந்த அழகு போனால் ப்ளூ-ரே எதற்கு? அடுத்து, அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' ஆஃப். இயக்குநர்களில் ஒருவரான டெரி கில்லியமின் வெட்டுக்காகித அனிமேஷன் வெட்டி வெட்டி நகர வேண்டியது. இது ஆன் என்றால் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். 'ஷார்ப்னஸ்' கூட்டினால் கோட்டை விளிம்புகளில் வெள்ளைக் கோடு விழும். கோடு மறையும் வரை குறையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோடு' இருந்தால் மூன்றும் ஒரே பட்டனில் முடியும்.

கே: சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கும் 5.1 ஒலியா, ஒரே தடத்தில் வரும் மோனோவா?

ப: மோனோ தடம் இருந்தால் அதுவே. குதிரைக்குப் பணமில்லாததால் படத்தில் ஆர்தர் அரசரின் வேலைக்காரர் இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டிக் குளம்பொலி எழுப்புகிறார். அந்த 'டக் டக்' வசனத்தோடு ஒரே இடத்திலிருந்து வரும்போதுதான் சிரிப்பு வருகிறது.

கே: எல்லாக் கோட்டையும் ஒன்றுபோல் இருக்கிறதே?

ப: பெரும்பாலும் ஒன்றேதான். மற்ற பல கோட்டைகளில் அனுமதி கிடைக்காமல், தனியார் கையிலிருந்த டூன் கோட்டையையே வெவ்வேறு கோணத்தில் எடுத்தார்கள். முடிவில் தண்ணீர் நடுவே நிற்பது காசில் ஸ்டாக்கர் என்ற வேறு கோட்டை.